மலைப்பெட்டி பிடித்த வழி

ஓய்வு பெற்ற பிறகும் அலுவலக வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்திருப்பார்கள். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. எங்கள் திண்டுக்கல் அலுவலகத்தின் உள்ளறையில் விசிறி இரைச்சலோடு உட்கார்ந்திருந்த கன்ட்ரோலரைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். ஊர் ஊராக நாங்கள் மாட்டி வைத்த வயர்லெஸ் பெட்டிகளை எல்லாம் மேய்த்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. இனிமேல் அந்த வேலை எங்கோ வெளியூரில் இருக்கும் கணினியிலிருந்து நடக்குமாம். படத்துக்கு அடியில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பேரைப் போட்டுக் கேட்டிருந்தாள். எந்தப் பெட்டி எந்த வழியாகப் போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் நீங்கள்தான் கையால் போட்டுக் கொடுப்பீர்களாமே, உண்மையா?

அந்தக் காலம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் வேலையை விட்டு வந்து இன்னும் கடைசியாக வாங்கிய செருப்புக்கூடத் தேயவில்லை. கையால் போட்டுக் கொடுத்தோம் என்பதும் தப்பு. பெட்டிகள் அன்றைக்கும் தாமாகத்தான் வழி தேர்ந்தெடுத்தன. தேர்ந்தெடுக்க விடாமல் மனிதர்கள் குறுக்கே போய் விழுந்ததைச் சரிசெய்ததுதான் என் உத்தியோகத்தில் பாதி. இதை போனில் விரலால் தட்டிச் சொல்லி முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கன்ட்ரோலர் போனதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால், துளியும் இல்லை. அதன் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு கிடையாது. அந்தப் பட்டினி இனி இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

என் ஊர் நத்தம் பக்கம். மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ள அண்ணன்கள் இருந்ததால் என்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார்கள். திண்டுக்கல்லுக்கு வந்து கடைகளுக்கும் மில்களுக்கும் டெலிபோன் ஒயர் இழுத்தேன். பிறகு கம்ப்யூட்டர் ஒயர் இழுத்தேன். பிறகு ஒயரே வேண்டாம் என்றார்கள். ஒயர் இல்லாமல் எனக்கு என்ன வேலை என்று பயந்துபோய் வயர்லெஸ் படித்தேன். பயத்தில் படித்தது நன்றாகவே மண்டையில் ஏறியது.

நாங்கள் போட்ட வயர்லெஸ் வலைக்குப் பேர் மெஷ்; அதை இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வளாகத்தில் பத்து இடத்தில் ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகளை மாட்டுகிறோம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் கேபிள் இருக்கும். மற்றவை ஒன்றையொன்று காற்றிலேயே பிடித்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி, அந்தக் கேபிள் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளைக் கவனிக்கும். யாருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது, அவரைப் பிடித்தால் கேபிளுக்கு எத்தனை தாண்டு என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்ததை 'பேரன்ட்' என்பார்கள். நான் தாய்ப்பெட்டி என்பேன். நத்தத்திலிருந்து பழனிக்குப் போகிறவர் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறுவது என்று யோசிப்பது போலத்தான். நேர் பஸ் என்பதற்காக எல்லோரும் நேர் பஸ்ஸில் ஏறுவதில்லை. வழியில் நின்றுவிடும் பஸ் என்று தெரிந்தால் மாறிப் போகிற பஸ்தான் மேல்.

இதை எனக்கு இவ்வளவு தெளிவாக்கியவர் ரெஜினா மேடம். என்னைவிட வயதில் இளையவர். எங்கள் கிளைக்கு மேலதிகாரியாக வந்தார். திண்டுக்கல் டவுன்காரர். அப்பா பள்ளி ஆசிரியர் என்று சொல்ல வேண்டியதே இல்லை. கேள்வி கேட்கும் விதத்திலேயே தெரியும். அவர் வந்த முதல் வாரத்தில், இந்த அம்மாவிடம் எப்படி ஓட்டப்போகிறோம் என்று நான் வீட்டில் போய்ப் புலம்பினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபம் வருமா என்பதே கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. நான் ஒருமுறை ஒரு பெட்டியைத் திட்டித் தீர்த்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றிருந்துவிட்டு, "கோபப்பட்டாச்சாண்ணே? இப்ப சொல்லுங்க, எது எதைப் புடிச்சு நிக்குது?" என்றார்.

அதுதான் அவருடைய முதல் கேள்வி, எப்போதும். எதையும் தொடுவதற்கு முன்னால், இப்போது எந்தப் பெட்டி எந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தாளில் மரம் போலப் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு, கொடுக்கப்போகும் கட்டளையை ஆங்கிலத்தில் வாசித்தால் போதாது. அதனால் என்ன நடக்கும் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் அமுக்கக் கூடாது. அமுக்கிய பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி திரும்பி வரும் வரை விசைப்பலகைப் பக்கம் கை போகக் கூடாது. இடியிலும் மின்னலிலும் போன பெட்டிகளைவிட, பொறுமையில்லாத கையால் போன பெட்டிகள்தான் அதிகம் என்பது அவர் கட்சி. பொறுமையில்லாத கைக்கு உதாரணம் காட்ட அவருக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இது எதற்கு என்று கண்ணால் பார்த்தேன். ஒரு வளாகத்துப் பெட்டிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குழுப்பெயர் இருக்கும். அதே பெயருள்ள பெட்டிகள்தான் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளும். அந்தப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போது கடைக்கோடியில் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்கி, கேபிள் இருக்கும் பெட்டியைக் கடைசியில் மாற்ற வேண்டும். முன்னால் இருப்பதை முதலில் மாற்றிவிட்டால், பின்னால் இருப்பவற்றுக்குப் புதுப்பெயர் போய்ச் சேர வழியே இருக்காது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அவசரத்தில் அதைத்தான் செய்தார். மில் முழுவதும் ஒரே நொடியில் அறுந்தது.

எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. மேலாளர் நல்ல மனிதர், வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர், "ஏனுங்க, லாரியெல்லாம் ரோடு வரைக்கும் நிக்குதுங்க. எப்பங்க வரும்?" என்று கேட்டார். பதற்றத்தில் அந்தப் பொறியாளர் மேலும் மேலும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். ரெஜினா மேடம் அவர் கைக்கடியிலிருந்து விசைப்பலகையை மெல்ல நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கேபிள் பெட்டிக்குப் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் அநாதையாக நின்ற பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து சேர்ந்தன. எல்லாம் வந்த பிறகு, மேலாளரிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கடைக்கோடியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். அந்தப் பொறியாளரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் அவரை லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பேன்.

இனி சிறுமலைக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு ஒரு அறக்கட்டளை மெஷ் போட்டுக் கொடுத்தது. அங்கே இருக்கும் நர்ஸ் டவுன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் வீடியோவில் பேசலாம் என்பது ஏற்பாடு. அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கேபிள் பெட்டி. மலைப்பாதையின் ஒரு வளைவில், ஒரு தோட்டத்து ஓரமாக இரும்புக் கம்பம் நட்டு ஒரு பெட்டி. மேலே சுகாதார நிலையக் கூரையில் ஒரு பெட்டி, அதைத்தான் மலைப்பெட்டி என்போம். கீழே, கம்பம், மேலே என்று நேர்வழி. இது போக, மலையில் பள்ளிக்கூடத்துக்கும், வாழைத்தார் ஏற்றும் கொட்டகைக்கும், ஒரு எஸ்டேட் கட்டடத்துக்கும் அவரவர் தேவைக்காகப் பெட்டிகள் உண்டு. கோடையில் வந்து மாட்டிய குழு, நேர்வழி அருமையாக இருப்பதைப் பார்த்து, மலைப்பெட்டிக்கு ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தது. கம்பத்துப் பெட்டி கண்ணில் பட்டால் அதைத்தான் பிடிக்க வேண்டும், வேறு எதையும் யோசிக்கக் கூடாது. மூன்று நான்கு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் விடாத மழை. மலைப்பாதையில் பாறையும் மரமும் சரிந்து பஸ் நின்றது, ஜீப் நின்றது, கடைசியில் ஆள் நடமாட்டமும் நின்றது. செல்போன் டவருக்குக் கரண்ட் போய்விட்டது. எங்கள் பெட்டிகள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே எங்களுக்கு போன் செய்தார். மலைமேல் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையில் சுகாதார நிலையத்திலேயே பிரசவம் ஆகியிருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. சுமதி என்ற நர்ஸ் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊசி, எவ்வளவு, எங்கே அழுத்திப் பிடிப்பது என்று டாக்டர் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படமோ ஒரு வாக்கியம் முடிவதற்குள் அறுந்து போகிறது.

திரையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. மலைப்பெட்டி கம்பத்தைப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் கம்பத்தின் குரல் மங்கிப்போய் அறுந்துவிடும். தேடும். மழை சற்று ஓய்ந்தால் கம்பம் மறுபடி கேட்கும். உடனே உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அதையே போய்ப் பிடிக்கும். மறுபடி அறும். வேறு வழி இருக்கிறதா என்று முழுதாகத் தேடுவதற்குள் கம்பம் கண்ணில் பட்டுவிடுகிறது. கம்பம் மழையில் சாய்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

அந்த உத்தரவை அழித்தால் பெட்டி தன் இஷ்டப்படி வழி தேடும். ஆனால் அழித்த நொடியில் அது எங்கள் கையை விட்டுப் போய்விடும். போய், எதையும் பிடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? மேலே போய்ச் சரிசெய்யப் பாதை இல்லை. இப்போதாவது அரை வாக்கியம் போகிறது. அப்போது அதுவும் போகாது. நான் வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன். "இருக்குற அரைகுறையையும் கெடுத்துக்காதீங்க மேடம். அம்புட்டு தூரத்துல இருக்குறத இங்கிருந்து நோண்டுறது தப்பு."

அவர் என்னோடு வாதாடவில்லை. மலைப்பெட்டி இதுவரை யார் யாருடைய குரலைக் கேட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தார். கம்பத்துப் பெட்டியின் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெட்டியின் குரல் அதில் பாதிகூட இல்லை. "குறைச்சலாத்தான் இருக்கு. ஆனா ஆடலைண்ணே," என்றார். அந்தக் கணக்கு மழைக்கு முந்தியதாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு டாக்டருக்கு போன் செய்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல், நீங்கள் இல்லாமல் அந்த நர்ஸ் எவ்வளவு நேரம் சமாளிப்பார் என்று கேட்டார். டாக்டர், "செத்த நேரம் சமாளிப்பாங்கம்மா. ஆனா இப்படி விட்டு விட்டுப் பேசி அந்தப் பொண்ணக் காப்பாத்த முடியாது. எனக்கு அறாத லைன் வேணும்," என்றார். அடுத்து இணைப்பு வந்த ஒரு சின்ன இடைவெளியில், நடுவில் செய்ய வேண்டியதை எல்லாம் நர்ஸிடம் சொல்லி முடித்துவிடும்படியும், இதற்குப் பிறகு கொஞ்ச நேரம் லைன் இருக்காது, பயப்பட வேண்டாம் என்று சொல்லும்படியும் ரெஜினா மேடம் கேட்டுக்கொண்டார். அது இரண்டு மூன்று தடவை அறுந்து அறுந்து போய்ச் சேர்ந்தது.

நான் கட்டளையைத் தட்டி வைத்தேன். இதை அமுக்கினால் என்ன ஆகும் என்று எப்போதும் போலக் கேட்டார். கம்பத்தை மட்டுமே பிடி என்ற உத்தரவு அழியும், பெட்டி கம்பத்தை விடும், எல்லாத் திசையிலும் தேடும், கிடைத்ததில் நல்லதைப் பிடிக்கும் என்று தமிழில் சொன்னேன். கிடைக்காவிட்டால் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என் கையை நகர்த்திவிட்டு, "இத நான் அமுக்குறேண்ணே. நாளைக்கு யாரும் ஒங்களக் கேக்கக் கூடாது," என்றார். அமுக்கினார்.

மலைப்பெட்டியின் வரி திரையிலிருந்து மறைந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன்.  விசைப்பலகைப் பக்கம் போகாமலிருக்க விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேன். கன்ட்ரோலரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பிடி, பள்ளிக்கூடத்தைப் பிடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். தேநீர் கொண்டுவந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அதில் ஆடை படிந்தது. நான் நர்ஸை நினைத்தேன். அந்தப் பெண்ணை நினைக்கப் பயமாக இருந்தது.

வரி திரும்ப வந்தபோது நான் முதலில் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். பெட்டி கம்பத்தைப் பிடிக்கவில்லை. நான் கும்பிட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தையும் பிடிக்கவில்லை. வாழைத்தார்க் கொட்டகையின் தகரக் கூரையில் இருந்த பெட்டியைப் பிடித்திருந்தது. எங்கள் கணக்கிலேயே இல்லாத வழி. கொட்டகையிலிருந்து எஸ்டேட், எஸ்டேட்டிலிருந்து அடிவாரம் என்று சுற்றிக்கொண்டு வந்தது. தாண்டு அதிகம், வேகம் குறைவு. ஆனால் அதன் குரலைக் காட்டும் எண் இருந்த இடத்தில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தோம். அசையவில்லை.

போன் அடித்தது. டாக்டர், "படம் நிக்குதும்மா. இப்படியே விட்டுருங்க, ஒண்ணையும் தொடாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் தொடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிற்பகலில் மறுபடி போன் வந்தது. உதிரப்போக்கு நின்றுவிட்டது, நாடி தேறிவிட்டது, பாதை திறந்ததும் கீழே கொண்டுவந்து ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். போனை வைத்துவிட்டு ரெஜினா மேடம் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவில்லை.  ஆறிப்போன தேநீர் இரண்டையும் நானே குடித்தேன்.

மழை விட்டு, பாதையைச் சரிசெய்து, ஜீப் ஓடத் தொடங்கிச் சில நாள் கழித்து இருவரும் மலையேறினோம். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த ஆள், கயிறு எல்லாம் ஏற்பாடு. அந்த வளைவில் இறங்கிப் பார்த்தால் கம்பம் நட்டமாகத்தான் நிற்கிறது. ஆனால் இரும்பு தெரியவில்லை. அடியிலிருந்து நுனி வரை மிளகுக்கொடி. பெட்டியையும் அதன் ஆன்டெனாவையும் பச்சை இலை போர்த்தி மூடியிருந்தது. கம்பம் நட்ட வருஷம் கன்றாக வைத்தது, வருஷா வருஷம் ஏறி, இந்த மழையில் செழித்துப் பெட்டியை மூடிவிட்டது. இலை எல்லாம் ஈரம். ஈர இலை எங்கள் அலையைக் குடித்துவிடும். மலையில் யார் ஒரு நல்ல கம்பத்தைச் சும்மா நிற்க விடுவார்கள்? மரத்தில் ஏறுகிற கொடி, கம்பத்தில் ஏறாதா? சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். என் கோபம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டது. அந்த நிமிடத்தில், லைன் அறுகிற மாதிரி பெட்டியை மூட இதை நட்டவன் யார் என்று கேட்டு ஒரு கத்துக் கத்தினேன்.

தோட்டத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். சரவணன் என்று பேர் சொன்னான். நான்தான் நட்டேன் என்றான். "கம்பம் சும்மாதானே நிக்குதுன்னு வச்சேண்ணே. இத்தனாம் பெரிய வெனை வருமின்னு தெரியாது." அதற்குள் ஜீப்காரர் அவனிடம், பிரசவத்தன்றைக்கு இந்தக் கம்பத்து லைன் அறுந்தபோது மலைப்பெட்டியைத் திருப்பி விட்டது இவர்கள்தான் என்று சொல்லிவிட்டார். அவன் முகம் மாறியது. சுகாதார நிலையத்தில் கிடந்தது அவன் மனைவி. கீழே ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். தாயும் பிள்ளையும் முந்தின நாள்தான் வீடு வந்திருந்தார்கள். தான் வைத்த கொடிதான் லைனை அறுத்தது என்பது அவனுக்கு அந்த இடத்தில், அப்போதுதான் தெரிந்தது. குனிந்து, இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துக் கொடியின் அடித்தண்டில் வைத்தான். கொடியில் சரம் சரமாகக் காய் பிடித்திருந்தது.

"வெட்ட வேணாம் தம்பி," என்றார் ரெஜினா மேடம். "மேல இருக்குற ஆஸ்பத்திரிப் பெட்டி இப்ப வேற வழி புடிச்சிருச்சு. இது ரெண்டாவது வழியா இருக்கட்டும். பெட்டிக்கு ஒரு முழம் கீழயே கொடிய நிறுத்திக்கங்க. அதுக்கு மேல ஏறுனா மட்டும் கிள்ளி விட்டுருங்க."

அவன் அரிவாளை எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அப்படியே குந்தியிருந்தான். தோள் குலுங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது நான் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. பிள்ளைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"இன்னும் வைக்கலண்ணே," என்றான். "ரெண்டு பேரும் வீட்டுல இருக்காகன்னு இப்பத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."